பனிக்கடலில் ஒரு பெயர்ப்பலகை

அவைக்குத் தலைமை ஏற்று, அலைகடலையே அதட்டிப் பழகிய குரலை இன்று ஒலிபெருக்கிக்கு முன்னால் அடக்கி வைத்துக்கொண்டு நடுவே வீற்றிருக்கும் கப்பல் தலைவர் அவர்களே! பாராட்டைப் பெறுவதற்கென்றே புதிதாகக் கோட்டு தைத்து, அதற்குப் பொருத்தமாகப் புன்னகையும் தைத்துக்கொண்டு வந்திருக்கும் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் அவர்களே! ஆராய்ச்சியில் நரைத்த அறிஞர் பெருமக்களே! அலையில் கறுத்த கப்பல் தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்து, "இந்த மனுஷன் இன்னிக்கு என்னத்த உளறப் போறாரோ" என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மாமியார் உள்ளிட்ட தாய்மார்களே! பேச்சு முடிந்தால்தான் சிற்றுண்டி என்று தெரிந்துகொண்டு கடைசி வரிசையில் பொறுமை காக்கும் இளைஞர்களே! மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாலேயே என்னைக் கண்டித்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தின் அரசியே, இந்த நிலையத்தின் வேதியியலாளரே! அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

நான் யார்? பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்துகிறவன். மாலையானால் மேடை தேடிப் போகிறவன். எனக்கும் வேதியியலுக்கும் என்ன சொந்தம்? மணமுடித்த சொந்தம் ஒன்றுதான். அப்படியிருக்க, இயக்குநர் தாமாகவே எனக்குத் தொலைபேசியில் பேசினார். "சார், உங்க பாணியில நாலு வார்த்தை வாழ்த்திட்டுப் போங்க. கெமிஸ்ட்ரி எல்லாம் வேணாம். கேக்கறவங்களுக்குத் தூக்கம் வரும்" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். ஆகவே நான் இங்கே வந்திருப்பது வாழ்த்துவதற்காக. வாழ்த்தாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்!

கைதட்டுகிறீர்கள். சேமித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

என் பின்னால் இருக்கும் பதாகையைப் பாருங்கள். "இரும்புக் கடல் கண்ட எங்கள் இயக்குநர்" என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்து அழகு. எடுப்பான நிறம். இயக்குநரின் முகமோ எட்டடி உயரம்! கடல் எங்கே என்று தேடினேன் தோழர்களே. இடம், வலம், மேலே, கீழே எல்லாம் தேடினேன். அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கடல் இருந்தது.

சரி, அந்தக் கடலில் என்ன அப்படி இரும்பு? எதற்காக இரும்பு? கேளுங்கள். துருவத்துப் பனிக்கடல் இருக்கிறதே, அது பார்ப்பதற்குப் பளிங்கு. அங்கே வெளிச்சம் உண்டு, உப்பு உண்டு, உரம் உண்டு, ஊழிக்கும் வற்றாத தண்ணீர் உண்டு. ஆனாலும் அங்கே மிதக்கிற பச்சைப் பயிர், கண்ணுக்குத் தெரியாத நுண்பயிர், பாதி நாள் பட்டினி. ஏன்? ஒரே ஒரு பொருள் இல்லை. இரும்பு இல்லை! அந்தப் பயிர் பிழைத்தால்தான் அதைத் தின்னும் குட்டி இறால் பிழைக்கும். இறால் பிழைத்தால்தான் திமிங்கிலம் பிழைக்கும். மலைபோன்ற ஓர் உயிரின் வயிறு, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி இரும்பை நம்பி இருக்கிறது. ஒரு வீட்டு மாடித் தொட்டி நிறைய அந்தக் கடல்நீரை நிரப்பினாலும், அதில் இருக்கிற இரும்பு மொத்தத்தையும் சேர்த்தால் ஒரு தூசிக்குக்கூடத் தேறாது.

அந்தத் தூசிக்கும் குறைந்ததை அளக்க எதில் போகிறார்கள்? இரும்புக் கப்பலில்! ஏறும் ஏணி இரும்பு, இழுக்கும் கயிறு இரும்பு, காலடியில் தட்டு இரும்பு, கைபட்ட இடமெல்லாம் துரு. மிளகாய் அரைக்கிற மில்லுக்குள் நிறுத்தி வைத்து, மல்லிகைப்பூ வாசம் எவ்வளவு என்று சொல் பார்ப்போம் என்றால் எப்படி இருக்கும்? அந்த வேலைதான் என் மனைவியின் வேலை.

அதனால்தான் கப்பலுக்குள் ஓர் அறை, அறைக்குள் பிளாஸ்டிக் திரையால் இன்னொரு அறை. உள்ளே உலோகம் கூடாது. கொண்டை ஊசி கூடாது. வளையல் கூடாது. ஜிப் வைத்த சட்டைகூடக் கூடாது! புட்டிகளை வாரக்கணக்கில் அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, உலர்த்தி, மூன்று பைகளுக்குள் போட்டு மூடுவார்கள். வடிகட்டிய காற்றை ஒரு விசிறி மேலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். திறந்த புட்டிக்கு மேலே பேசினால்கூடக் குற்றம். கப்பலில் இருந்த தோழர்கள் என் மனைவிக்கு "பிளாஸ்டிக் அம்மா" என்று பெயர் வைத்தார்கள். அதோ, பின்னால் சிரிக்கிறாரே, அவர்தான் வைத்தது.

என் அனுபவத்தையும் கேளுங்கள். ஒருநாள் ஆசையோடு அவருக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். எவர்சில்வர் டப்பா. வாசலிலேயே தடுத்தார். "அங்கயே நில்லுங்க. டப்பாவைக் கீழ வைங்க. பெல்ட்டைக் கழட்டுங்க." நான் சொன்னேன், "ஏம்மா, நடு வராந்தாவுல பெல்ட்டைக் கழட்டச் சொல்றியே, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" "என்ன வேணா நினைக்கட்டும், என் தண்ணி நல்லா இருந்தா போதும்" என்றார். கட்டின கணவனின் மானத்தைவிடக் கடல்நீரின் மானம் பெரிது என்று கருதுகிற ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறேன் தாய்மார்களே! அத்தை, தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள், பெற்றது நீங்கள்தான்.

இதோ, சீட்டு வந்துவிட்டது. விழாக்குழுச் செயலாளர் அனுப்பியிருக்கிறார். "பேச்சு விழா நாயகரைப் பற்றி இருக்கட்டும்." அப்படியே ஆகட்டும்! இனி முழுக்க முழுக்க அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். செயலாளர்தான் வருத்தப்படுவார்.

அதற்கு முன் ஒரே ஒரு செய்தி. கடல்நீரில் இரும்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அது எந்த வடிவில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. என் மனைவி கேட்பது இரண்டாவது கேள்வியை. கடலில் கரைந்திருக்கும் இரும்பு தனியாக இருக்காதாம். கடல்வாழ் உயிர்கள் கசியவிட்ட ஏதேதோ பொருள்கள் அதன் கையைப் பிடித்துக்கொண்டிருக்குமாம். அந்தப் பிடி இருப்பதால்தான் அது கரைந்தே கிடக்கிறது. பிடி இல்லாத இரும்பு துருவாகத் திரண்டு, அடியில் போய்ப் படுத்துவிடும். ஆகவே நல்ல கடல்நீரில் கரைந்த இரும்பு ஏறக்குறைய முழுவதும் ஏதோ ஒரு கையில் இருக்கும்.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இன்னொரு பொருளைப் போட்டிக்கு உள்ளே விடுகிறார்கள். அது இரும்பைப் பார்த்து "வா, வா, என்கிட்ட வா" என்று கூப்பிடும். ஒருநாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு பாதரசத் துளியை அருகே வைத்து, மெல்லிய மின்சாரம் விட்டுப் பார்ப்பார்கள். பழைய பிடியை விட்டு வந்த இரும்பு எவ்வளவு, "மாட்டேன், போ" என்று ஒட்டிக்கொண்டே இருக்கிற இரும்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அவசரப்பட்டு அமிலத்தை ஊற்றினீர்களானால் எல்லாக் கையும் பிடியை விட்டுவிடும். எண்ணிக்கை கிடைக்கும், யார் யாரோடு இருந்தார்கள் என்பது போய்விடும். இப்போது உங்களில் யாருக்காவது தூக்கம் வருகிறதா? வரவில்லை! இயக்குநர் அவர்களே, பார்த்தீர்களா?

இனி விழா நாயகரின் வீரச்செயல்.

கப்பல் பனிக்கடலை அடைந்தது. அந்தத் தூய அறையில் வேலையும் தொடங்கியது. முதல் மாதிரிகள் எடுத்தாயிற்று, அளந்தாயிற்று. இரும்பு எதிர்பார்த்தபடி கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் ஒழுங்காக ஏதோ ஒரு கையில். எல்லாம் முறையாக நடந்துகொண்டிருந்தபோது, கப்பலில் கூடவே வந்திருந்த நம் இயக்குநருக்கு ஓர் எண்ணம் உதித்தது. இத்தனை பெரிய நிலையத்தின் இத்தனை அருமையான அறை, இன்னும் திறந்து வைக்கப்படாமல் இருக்கிறதே! ஏற்கெனவே திறந்து, வேலை நடந்துகொண்டிருந்த அறையை அவர் மறுபடி திறந்து வைத்தார். இரும்புக் கத்தரிக்கோல் கொண்டு நாடாவை வெட்டினார். இரும்பு கூடாத அறைக்கு இரும்பால் திறப்பு விழா! சிரிக்காதீர்கள், அது வெறும் முன்னுரை.

கரையிலேயே செய்து, பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார் ஒரு பெயர்ப்பலகை. இரும்புத் தகடு. நீல வண்ணம். அதில் அவருடைய பெயர், பெயருக்குப் பின்னால் பட்டங்கள், பட்டங்களுக்குப் பின்னால் பதவிகள். "அவர்களால் திறந்து வைக்கப்பட்டது" என்ற வரிக்கு இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அதை எங்கே மாட்டுவது? அங்கே நடந்த உரையாடலை அப்படியே சொல்கிறேன். தலைவர் அவர்களே, நீங்களும் அங்கே நின்றீர்கள், தவறு இருந்தால் திருத்துங்கள்.

என் மனைவி சொன்னார், "சார், இது இரும்பு சார்."

"பெயின்ட் அடிச்சிருக்கு மேடம்."

"பெயின்ட்லயும் இரும்பு இருக்கும் சார். கதவுக்கு வெளியில மாட்டிக்கலாமே?"

"வெளியில உப்புக்காத்து மேடம். துருப்பிடிச்சிடும்ல?"

"அதத்தான் சார் நானும் சொல்றேன்!"

தலைவர் தலையை ஆட்டுகிறார். வார்த்தை மாறவில்லை.

வெளியே மாட்டினால் துருப்பிடிக்கும் என்று தெரிந்த அறிவு, உள்ளே மாட்டினால் என்னாகும் என்று கேட்கவில்லை. பலகை உள்ளே போனது. விசிறிக்கு நேர் கீழே, புட்டி திறக்கும் மேசைக்கு நேர் மேலே! அந்த இடம் ஏன்? புகைப்படத்தில் முகமும் பலகையும் சேர்ந்து விழ அதுதான் வாகான இடமாம். டிரில் போட்டார்கள். ஓட்டையிலிருந்து உதிர்ந்த தூளை ஊதித் தள்ளினார்கள். இரும்புத் திருகாணி நான்கு முறுக்கினார்கள். படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள். என் மனைவி கைதட்டவில்லை. அவர் கையுறை போட்டிருந்தார்.

அடுத்த மாதிரியை அளந்தபோது இரும்பு ஏறியது. அதற்கடுத்ததில் இன்னும் ஏறியது. ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது! இயக்குநர் அவர்கள் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா மேடம்! நான் வந்து அறையைத் திறந்ததும் கடலே மாறிடுச்சு!" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. அவர் வாழ்நாளில் அதைவிட உண்மையான சொல்லைச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் என் மனைவி எவ்வளவு என்று மட்டும் பார்க்கவில்லையே, எந்த வடிவில் என்றும் பார்த்தாரே! கடலில் இருந்த கைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. அதற்கு மேலும் இரும்பு மிச்சம் நிற்கிறது. யார் கையிலும் இல்லாத இரும்பு. ஒரு கல்யாண மண்டபத்தில் நூறு பேர் இருக்கிறார்கள். நடுவே ஒருவர். மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டால் "எங்க ஆள் இல்ல" என்கிறார்கள். பெண் வீட்டாரைக் கேட்டால் அவர்களும் "எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். ஆனால் அவர் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்கிறார்! அவர் யார்? அழைக்காமல் வாசல் வழியாக வந்தவர். அந்த இரும்பும் அப்படித்தான்.

என் மனைவி போய்ச் சொன்னார். "சார், இது கடலோட இரும்பு இல்ல. இதுக்கு அங்க சொந்தம்னு யாருமே இல்ல." சொன்னதோடு நிற்கவில்லை. பலகையைக் கழற்றினார். அறையைக் கழுவினார். திரையை மாற்றினார். அதே இடத்தில், அதே ஆழத்தில் மறுபடி தண்ணீர் எடுத்தார். இரும்பு பழையபடி கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் பழையபடி கைக்குள்.

இப்போது நம் விழா நாயகரின் விஞ்ஞானத்தைக் கேளுங்கள். பலகைக்கு முன் எடுத்த தண்ணீரா? அது தவறு. பலகைக்குப் பின் எடுத்த தண்ணீரா? அதுவும் தவறு. பலகை தொங்கியபோது எடுத்த தண்ணீர் மட்டும்தான் சரி! வடிவக் கணக்கெல்லாம் வேண்டாம், மொத்தம் போதும். இரும்புக் கடலைக் கண்டோம் என்று அறிவிப்போம், பதாகை அடிப்போம், விழா எடுப்போம். எடுத்தார்கள். நாமும் வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

இயக்குநர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள். அந்தக் குவளையிலும் இரும்பு இருக்கும், பயப்பட வேண்டாம், உடம்புக்கு நல்லது.

இரண்டாவது சீட்டு. "உடனே முடிக்கவும்." செயலாளர் அவர்களே, முடிக்கத்தான் போகிறேன். ஆனால் இதுவரை சிரித்துப் பேசினேன், இனிமேல் என்னால் சிரிக்க முடியாது. எனக்குக் கோபமாக இருக்கிறது. அதை மறைத்துப் பேசுகிற நாகரிகம் எனக்குப் போதாது.

அந்தப் பொய்யான எண்ணுக்குக் கீழே அளந்தவர் என்று என் மனைவி கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் அடுத்த பயணத்தில் இடம். போடாவிட்டால் அவருடைய கருவி வேறொருவருக்கு, அவருக்குக் கரையில் ஒரு மேசை. விழா முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். அதுதான் கெடு. அடுத்த பயணம் குளிர்காலப் பயணம். பனி மூடிய கடலில் பயிர் எந்த இரும்பை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு அவர் காத்திருந்த பயணம். பயணப்பெட்டி எங்கள் படுக்கையறைக் கதவோரம் கட்டி வைத்தபடி நிற்கிறது. நான் தினமும் அதில் இடித்துக்கொள்கிறேன்.

முந்தாநாள் சாப்பாட்டு மேசையில் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "போட்டுட்டுப் போயேம்மா, கடல் என்ன வந்து கேக்கவா போகுது?" என்று நான் வேண்டுமென்றே சீண்டினேன். அவர் சொன்னார்: "இல்லைங்க. பட்டினியா கிடக்கற கடலுக்கு வயிறு ரொம்பிடுச்சுன்னு நான் எழுதிக் குடுத்தா, அப்புறம் யாரும் அங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க. அதுவும் போகட்டும். தெரிஞ்சே ஒரு தடவை எழுதிட்டா, அடுத்த தடவை நான் அளக்கறத நானே நம்ப மாட்டேன்."

தோழர்களே! எண்ணிக்கையைப் பெருக்குவது எளிது. இந்த மண்டபத்தில் எத்தனை தலை என்று வாசலில் நின்று எண்ணிவிடலாம். எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை பேர் உண்மைக்குக் கை கொடுப்பார்கள் என்று எண்ண எந்த வாசலில் நிற்பது? மொத்தம் போதும் என்கிறவர்கள் உலகமெங்கும் மேடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யார் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களோ மூன்றாவது வரிசையில் ஓர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது தகுமா? இது முறையா? இதற்கா நாம் கைதட்ட வந்தோம்?

இப்போது என் வாழ்த்து. வெறுங்கையோடு வாழ்த்த எனக்குப் பழக்கமில்லை. விழா நாயகருக்கு ஒரு நினைவுப்பரிசு கொண்டுவந்திருக்கிறேன். பிரிக்கிறேன், பொறுங்கள். இது முதல் பை. இது இரண்டாவது பை. இது மூன்றாவது. என் மனைவி மூன்று பைக்குள் போட்டும் இதை வீட்டுக்குள் விடவில்லை. பால்கனியில், செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இன்று காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துக்கொண்டேன்.

ஆம், அதே பலகைதான்! நீல வண்ணம் இன்னும் இருக்கிறது, அங்கங்கே. திருகாணி போட்ட மூலைகளைப் பாருங்கள். இது என் கைக்குட்டை. வெள்ளை. காலையில் இஸ்திரி போட்டது. இதோ, இயக்குநர் அவர்களின் பெயர் மேல் ஒரே ஒரு முறை துடைக்கிறேன்.

பின்வரிசைக்குத் தெரிகிறதா? சிவப்பு! செக்கச் சிவப்பு! தலைவர் அவர்களே, பலகையைக் கையில் வாங்கிப் பாருங்கள். நீங்கள் கடலைப் பார்த்தவர், துருவையும் பார்த்தவர். இயக்குநர் அவர்களே, நீங்கள் கண்ட இரும்புக் கடல் இந்தக் கைக்குட்டையில் அடங்கிவிட்டது. அந்தத் தண்ணீரில் யார் கையிலும் சேராமல் அநாதையாக நின்றதே ஓர் இரும்பு, அது கடலுடையது அல்ல. அது உங்கள் பெயர்! உங்கள் பெயரைத்தான் ஐயா என் மனைவி அளந்திருக்கிறார்!

அமைதி, அமைதி. கொஞ்சம் பொறுங்கள். மூன்றாவது வரிசையில் எழுந்துவிட்டார். நான் தொலைந்தேன். கைதட்டலை நிறுத்துங்கள், அவர் இயக்குநரைப் பார்த்து ஏதோ சொல்கிறார். அவரிடம் ஒலிபெருக்கி இல்லாததால் நானே திருப்பிச் சொல்கிறேன், ஒரு சொல்கூட மாற்றாமல்.

"சார், கெடு முடியறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். கையெழுத்துப் போட மாட்டேன். முன்னாடி எடுத்த தண்ணி, பின்னாடி எடுத்த தண்ணி, நடுவுல பலகை, மூணையும் எழுதுங்க. போடறேன். கப்பல்ல இடம் இருக்கோ இல்லையோ, அது உங்க இஷ்டம்."

கேட்டீர்களா? என் இத்தனை நேரப் பேச்சை அவர் நான்கு வரியில் முடித்துவிட்டார். தலைவர் எழுந்து ஒலிபெருக்கியைக் கேட்கிறார். தருகிறேன் ஐயா, தருகிறேன். ஆனால் கையில் அந்தப் பலகையை வைத்துக்கொண்டே பேசுங்கள்.

அவர் இன்னும் உட்காரவில்லை. இப்போது என்னைப் பார்த்துச் சொல்கிறார். "ஏங்க, போதும், இறங்குங்க. அந்தக் கைக்குட்டையை வீட்டுக்குக் கொண்டுவராதீங்க. கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க."

ஆகவே அவையோரே, அழைத்த விழாக்குழுவுக்கும், பொறுத்துக்கொண்ட செயலாளருக்கும், பெண்ணைப் பெற்றுத் தந்த என் அத்தைக்கும் நன்றி. கழுவுவதற்கு முன், உண்மையின் துரு ஒட்டிய இந்த இரண்டு கைகளையும் உங்கள் முன் குவிக்கிறேன். வணக்கம்!